‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எப்படி? மனப்பாடம் செய்யாமல் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால், வெகுகாலம் ‘செட்’ என்பதே பதிலாக இருந்தது. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல்லின் பதிவுதான் எல்லாவற்றிலும் நீளமானது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லின் முறை வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் ஏறக்குறைய ஒன்பது மாதம் அந்த ஒரே சொல்லோடு உட்கார்ந்து 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். 2011-இல் இந்தச் செய்தி வெளிவந்தபோது ‘செட்’ முதலிடத்தை இழந்தது. பெயர்ச்சொல்லாக ‘ரன்’ வரும் இடங்கள் இந்த எண்ணிக்கையில் சேரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

645 பொருளையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படிக் கற்றதில்லை. வாக்கியத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும்: எது ஓடுகிறது, பின்னால் செயப்படுபொருள் வருகிறதா, ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொல் எது. தமிழ் பேசுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. நம்மிடம் ‘ஓடு’ இருக்கிறது. அது பாதி தூரம் கொண்டுபோய் விடும். எந்த இடத்தில் அதைக் கைவிட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் மீதிப் பாடம்.

படி 1: முதலில் ‘ஓடு’ என்ற நம் சொல்லைப் பாருங்கள்

ஆறு ஓடுகிறது. கடிகாரம் ஓடவில்லை. படம் நூறு நாள் ஓடியது. பொழுது ஓடிவிட்டது. மனசுக்குள் என்னவோ ஓடுகிறது. பதற்றத்தில் ஒன்றும் ஓடவில்லை. இவற்றில் எதற்கும் கால் கிடையாது. ஆனாலும் நாம் யோசிக்காமல் சொல்கிறோம். இரத்த ஓட்டம், மின்னோட்டம், நீரோட்டம் என்று பாடப்புத்தகத்திலும் இதே சொல்தான். ஈழத்தில் வயிற்றுப்போக்கை வயிற்றோட்டம் என்பார்கள். ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் அதற்கு ‘த ரன்ஸ்’ என்றே பெயர்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: ஒரு தடத்தில், நிற்காமல், பெரும்பாலும் தானாகவே நகர்தல். ‘ரன்’ என்ற சொல்லின் நடுவிலும் இதுதான் இருக்கிறது. புதிய வாக்கியம் ஒன்றில் அதைப் பார்த்ததும், இங்கே தடம் எது, நிற்காமல் நகர்வது எது என்று கேட்டுப் பழகுங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கையில் இருந்தால் ‘ஓடு’, ‘ஓட்டு’ இரண்டையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். ஆங்கிலப் பொருளும் சேர்ந்தே கொடுத்திருப்பார்கள்.

படி 2: பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா?

என்னைக் கேட்டால், எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். தமிழில் தானாக ஓடுவதற்கு ‘ஓடு’, பிறவினைக்கு ‘ஓட்டு’ என இரண்டு சொற்கள் உண்டு. வண்டி ஓடுகிறது, அவர் வண்டி ஓட்டுகிறார். பொழுது ஓடுகிறது, பொழுதை ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரன்’ ஒன்றுதான். பின்னால் ஒரு பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வருகிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இருந்தது. தானாக ஓடுவதற்கும் பாய்வதற்கும் ‘ரின்னன்’. அதே வேரிலிருந்து வந்த ‘ஆர்னன்’ என்ற இன்னொரு வினை பிறவினை வகையைச் சேர்ந்தது. பின்னாளில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. ஜெர்மன் மொழியில் ‘ரின்னென்’, ‘ரென்னென்’ என்று இரண்டு வினைகள் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று ஒழுகுவதற்கு, மற்றது ஓடுவதற்கு. ‘ரன்’ இத்தனை பொருளைச் சுமப்பதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

இப்போது ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பின்னால் ‘ஸ்கூல்’ வருகிறது. அப்படியென்றால் இது ஓட்டும் வகை. பள்ளியை ஓட்டுகிறார் என்று பேச்சில் சொல்லலாம். ஆனால் சிரமப்பட்டுச் சமாளிக்கிறார் என்ற சாயல் அதில் வந்துவிடும். ‘குடும்பத்தை ஓட்டுகிறேன்’ என்பதில் இருக்கும் அதே சாயல். ஆங்கில வாக்கியத்தில் அந்தச் சுமை இல்லை. ஆகவே ‘நடத்துகிறார்’ என்பதே சரி. கடை, கட்சி, நிறுவனம், பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். விளம்பரங்களில் பார்க்கிற ‘ரன்னிங் பிசினஸ்’ என்பது நடப்பில் உள்ள தொழில். பழைய பைக் விற்கிறவர் ‘ரன்னிங் கண்டிஷன்’ என்று போட்டால், வண்டி இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் செயப்படுபொருள் இல்லை, அதனால் ‘ஓடு’ தானாக வந்துவிடுகிறது.

ஓட்டும் வகையில் அடிக்கடி கண்ணில் படுகிறவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராமை ‘ரன்’ பண்ணினால் இயக்குவது. ஆய்வகத்தில் ஒரு ‘டெஸ்ட்’டை ரன் பண்ணினால் பரிசோதனை செய்வது. நாளிதழ் ஒரு செய்தியை ரன் பண்ணினால் வெளியிடுவது. ‘பாத்’ ரன் பண்ணினால் குழாயைத் திறந்து குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது. ‘ரெட் லைட்’டை ரன் பண்ணினால் சிவப்பு விளக்கை மதிக்காமல் தாண்டிப் போவது. ‘ஃபீவர்’ ரன் பண்ணினால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரிஸ்க்’ ரன் பண்ணினால் ஆபத்துக்கு இடம் கொடுப்பது. கடைசி இரண்டில் யாரும் எதையும் இயக்கவில்லை. அவை பழகிப்போன கூட்டுகள், அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 3: எது ஓடுகிறது?

செயப்படுபொருள் இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள்.

நீர்மமாக இருந்தால் பாய்வது, ஒழுகுவது, வழிவது. ஆறு ஓடும், ஆனால் மூக்கு நமக்கு ஒழுகும். துணி துவைக்கும்போது ‘கலர்’ ரன் ஆனால் சாயம் போகிறது. எந்திரமாக இருந்தால் ஓடுவது அல்லது இயங்குவது. பேருந்து, ரயிலாக இருந்தால் குறிப்பிட்ட தடத்தில் போய்வருவது: ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி ஹாஃப் அவர்’ என்றால் அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு என்று எழுதினால் போதும்.

நகரவே நகராத ஒன்று எழுவாயாக வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கிலோமீட்டர் ‘ரன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். மலை ஓடுகிறது என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் திகைத்துப்போவார். மலை நீள்கிறது, வேலி சுற்றிச் செல்கிறது, சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறது என்று அந்தந்தப் பொருளுக்கேற்ற வினையைப் போடுங்கள். அந்தத் தடத்தின் மேல் கண்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டால் ஆங்கிலப் பயன்பாடு எளிதில் விளங்கும்.

காலம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் நடப்பில் இருப்பது, நீடிப்பது. குத்தகை 2030 வரை ‘ரன்ஸ்’ என்றால் அதுவரை செல்லும். நீதிமன்றச் செய்திகளில் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். ஒருவருக்கு ஒரு குற்றத்துக்கு 7 ஆண்டு, இன்னொன்றுக்கு 3 ஆண்டு சிறை. தண்டனைகள் ‘ரன் கன்கரன்ட்லி’ என்று தீர்ப்பில் இருந்தால் ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும், மொத்தம் 7 ஆண்டு. ‘ரன் கான்செக்யுடிவ்லி’ என்று இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் 10 ஆண்டு. ‘ரன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் தனியாக ஒரு வினையே தேவைப்படவில்லை பாருங்கள். ‘அனுபவிக்க வேண்டும்’ என்பதில் அது கரைந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் இது முழுக்கச் சரியான வழி.

பரம்பரைக் குணமும் நோயும் கூட ஓடும். ‘டயபெடிஸ் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்றால் அந்தக் குடும்பத்தில் சர்க்கரை நோய் வழிவழியாக வருகிறது.

படி 4: பின்னால் பெயரடை வந்தால் ‘போ’ போடுங்கள்

‘ரன் ட்ரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’, ‘ரன் வைல்டு’. இங்கெல்லாம் ‘ரன்’ என்பது ‘ஆகு’ என்ற அளவுக்கு இளைத்துவிட்டது. தமிழில் இந்த வேலையைச் செய்வது ‘போ’ என்ற துணைவினை. கிணறு வற்றிப்போயிற்று. கையிருப்பு குறைந்துபோயிற்று. ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்பதற்கு மட்டும் ‘எனக்குக் கொஞ்சம் நேரமாகும்’ அல்லது ‘வரத் தாமதமாகும்’ என்பதே இயல்பு. ‘தாமதமாக ஓடுகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

படி 5: ஒட்டி வரும் சின்னச் சொற்கள்

இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘அப்’, ‘பை’, ‘த்ரூ’, ‘ஆஃப்’ ஆகிய ஒவ்வொன்றும் பொருளை வேறு பக்கம் திருப்பிவிடும். அன்றாடப் பேச்சில் ‘ரன்’ பெரும்பாலும் இவற்றில் ஒன்றோடுதான் வருகிறது.

‘ரன் அவுட் ஆஃப்’ என்பதில் தொடங்குங்கள். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. ஆங்கிலத்தில் எழுவாய் ‘நாம்’. தமிழில் எழுவாய் ‘பால்’: பால் தீர்ந்துபோச்சு. இந்த இடமாற்றம் பழகாததால்தான் நம்மவர்கள் ‘மில்க் இஸ் ஓவர்’ என்கிறார்கள். இந்திய ஆங்கிலத்தில் அது எல்லோருக்கும் புரியும். ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பவர் ‘வீ ஆர் அவுட் ஆஃப் மில்க்’ அல்லது ‘ரன் அவுட் ஆஃப்’ என்றுதான் சொல்வார். பெட்ரோல், நேரம், பொறுமை, காரணங்கள், இடம் எது தீர்ந்தாலும் இதே அமைப்பு. ‘ஆஃப்’ விட்டுப்போய் ‘ஆன்’ வந்தால் கதை வேறு: ‘ரன் அவுட் ஆன்’ என்றால் ஒருவரைக் கைவிட்டுப் போவது. கிரிக்கெட்டில் ரன் அவுட் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘ரன் இன்டு’ மூன்று வேலை செய்யும். பின்னால் மனிதர் வந்தால் எதிர்பாராமல் சந்திப்பது. சுவரோ மரமோ வந்தால் மோதுவது. தொகை வந்தால் அந்த அளவைத் தொடுவது: செலவு ‘ரன்ஸ் இன்டு க்ரோர்ஸ்’ என்றால் கோடிக்கணக்கில் போகிறது. வண்டியில் போன ஒருவர் நண்பரை ‘ரன் இன்டு’ செய்தார் என்றால் சந்தித்தாரா, மோதினாரா? சுற்றியிருக்கும் வாக்கியம்தான் சொல்ல வேண்டும். ‘ரன் ஓவர்’ என்று வந்தால் சந்தேகமே இல்லை, வண்டியை ஏற்றிவிட்டார். அதே ‘ரன் ஓவர்’ கூட்டத்துக்கோ நிகழ்ச்சிக்கோ வந்தால், குறித்த நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

‘ரன் டவுன்’: பேட்டரி தீர்வது, ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது, உடம்பு சோர்ந்துபோவது, கட்டடம் பாழடைந்து கிடப்பது. நான்கிலும் கீழே இறங்கும் ஒன்று இருக்கிறது. ஒட்டி எழுதும் ‘ரன்டவுன்’ மட்டும் விலகி நிற்கும். அது விவரங்களைச் சுருக்கமாக அடுக்கித் தருவது. ‘ரன் அப்’ பெரும்பாலும் கடனோடும் பில்லோடும் வரும்: ஏற்றிவைப்பது. பெயர்ச்சொல்லாக ‘ரன்-அப்’ என்றால் பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரம். ‘த ரன்-அப் டு த எலெக்‌ஷன்’ என்றால் தேர்தலுக்கு முந்தைய நாள்கள்.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் ‘ரன் பை’ என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ‘கேன் ஐ ரன் திஸ் பை யு?’ என்று மேலாளர் கேட்டால், ‘இதைப் பற்றிச் சொல்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கலாமா?’ என்று பொருள். முடிவு எடுப்பதற்கு முன்னால் கேட்பது இது. முடிவு எடுத்துவிட்டுத் தகவல் சொல்வதற்கு இதைப் பயன்படுத்தினால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். ‘ரன் த்ரூ’ என்றால் ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பது. நாடகத்துக்கு அது ஒத்திகை.

படி 6: பெயர்ச்சொல்லாக வரும்போது துறையைக் கேளுங்கள்

பெயர்ச்சொல் ‘ரன்’ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பேச்சு எந்தத் துறையைப் பற்றியது என்பதை.

கிரிக்கெட்டில் அது ஓர் எண்ணலகு. இரண்டு மட்டையாளர்களும் எதிர்முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் யாரும் ஓட வேண்டாம், ஆனாலும் நான்கு ரன். ஓட்டம் மறைந்து எண்ணிக்கை மட்டும் மிஞ்சிய இடம் இது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘ரன்கள்’ என்று எழுதுகின்றன. இலங்கைப் பத்திரிகைகளில் ‘ஓட்டங்கள்’.

வங்கித் துறையில் ‘பேங்க் ரன்’ என்றால், வங்கி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் பார்ப்பது. போட்ட பணத்தின் பெரும்பகுதியை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் எல்லோரும் ஒன்றாகக் கேட்டால் எவ்வளவு நல்ல வங்கியாலும் உடனே கொடுக்க முடியாது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் எடுக்க வாடிக்கையாளர்கள் முனைந்தார்கள். பெரும்பாலும் இணையம் வழியாக, இருந்த இடத்திலிருந்தே. தமிழில் ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் வங்கியே ஓடிப்போன மாதிரி இருக்கிறது. ‘பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்’ என்று விரித்து எழுதுவதே நல்லது.

தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ பண்ணுவார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார்கள், இந்திய ஆங்கிலத்தில் ‘கன்டெஸ்ட்’. ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், தமிழில் நமக்கும் ‘தேர்தலில் நிற்கிறார்’ தான். ‘ரன்னிங் மேட்’ என்ற சொல் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. 2020-இல் ஜோ பைடனின் ரன்னிங் மேட்டாக கமலா ஹாரிஸ் அறிவிக்கப்பட்டபோது, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தார்கள். நம் பத்திரிகைகள் ‘துணை அதிபர் வேட்பாளர்’ என்று தெளிவாக எழுதின. ‘ரன்-ஆஃப்’ என்றால் முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு. 2022-இல் பிரான்ஸில் மக்ரோனும் லு பென்னும் மோதியது அப்படித்தான். விவசாயக் கட்டுரையில் இதே ‘ரன்-ஆஃப்’ வந்தால் நிலத்தில் இறங்காமல் வழிந்தோடும் மழைநீர்.

பொருளாதாரத்தில் ‘லாங் ரன்’ என்றதும் பத்து, இருபது ஆண்டு என்று நினைக்க வேண்டாம். ஒரு தொழிலில் இடம், எந்திரம், ஆள் என்று எல்லா உள்ளீடுகளையும் மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தால் அது நீண்ட காலம். ஏதாவது ஒன்றாவது மாற்ற முடியாமல் நிலையாக நின்றால் குறுகிய காலம். தள்ளுவண்டிக் கடைக்குச் சில வாரமே நீண்ட காலம். உருக்காலைக்குப் பல ஆண்டு.

பதிப்புத் துறையில் ‘பிரின்ட் ரன்’ என்பது ஒரு தடவையில் அடிக்கும் பிரதிகளின் எண்ணிக்கை. ‘ட்ரையல் ரன்’ என்பதற்குத் தமிழில் அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் வெள்ளோட்டம் விடுவோம் இல்லையா, அதேதான். ரயிலுக்கு மட்டும் ‘சோதனை ஓட்டம்’ என்று பத்திரிகைகள் பழக்கிவிட்டன. செயலிக்கும் இணையதளத்துக்கும் ‘வெள்ளோட்டம்’ என்று தயங்காமல் எழுதலாம்.

படி 7: அகராதியை எப்படித் திறப்பது

பொருள்களை அடுக்கும் முறை அகராதிக்கு அகராதி மாறும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று வரிசையில் அடுக்கும். எந்தப் பொருள் முதலில் புழக்கத்துக்கு வந்ததோ அது முன்னால் நிற்கும். இன்று வழக்கிழந்த பொருளும் அங்கே இருக்கும். கற்கிறவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் அகராதிகளில் நீண்ட பதிவுகளுக்கு இடையே சின்னச் சின்ன வழிகாட்டிச் சொற்கள் இருக்கும். முதலில் அவற்றின் மேல் மட்டும் கண்ணை ஓட்டி, உங்கள் வாக்கியத்துக்கு நெருங்கிய பகுதிக்குப் போங்கள். ‘ரன் இன்டு’ போன்ற கூட்டுவினைகள் பெரும்பாலும் பதிவின் கடைசியில் தனியாக இருக்கும். முதல் பொருளிலிருந்து வரிசையாகப் படித்தால் அங்கே போவதற்குள் களைத்துவிடுவீர்கள். தமிழ்ச் சொல் தேடுவதற்கு, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவான சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ் அகராதி இன்றைக்கும் உதவும். கணினி, வங்கி சார்ந்த புதிய பொருள்களை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 8: பயிற்சி

தினமும் ஒரு ஆங்கில நாளிதழில் ‘ரன்’ வரும் வாக்கியங்களைத் தேடி நோட்டில் எழுதுங்கள். விளையாட்டுப் பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே எண்ணிக்கைதான் மிஞ்சும். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஓடு’, ‘ஓட்டு’ இரண்டும் வராமல் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் பொருள் பிடிபட்டது. ‘ஓடு’ போட்டால்தான் சரியாக இருக்கிறது என்றால் அதுவும் ஒரு விடைதான், அந்த இடத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பேசத் தொடங்கும்போது ஐந்தை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ரன் அவுட் ஆஃப்’, ‘ரன் எ பிசினஸ்’, ‘ரன் இன்டு’, ‘ரன்னிங் லேட்’, ‘ரன் பை’. அன்றாடப் பேச்சுக்கு இவை நிறைய உதவும். அப்புறம் கால வடிவங்கள்: நிகழ்காலத்தில் ‘ரன்’, இறந்தகாலத்தில் ‘ரேன்’, ‘ஹேவ்’ வந்தால் மறுபடியும் ‘ரன்’. ‘வீ ஹேவ் ரேன் அவுட்’ என்று வந்தால் அடித்துவிட்டு ‘வீ ஹேவ் ரன் அவுட்’ என்று திருத்துங்கள்.